பின்கோடு 7-ஆல் வகுபடுமா? கழித்தே பார்க்கலாம்

ஆறு இலக்க எண் 7, 11, 13-ஆல் மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்க்க நீளமாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் விடையைச் சோதித்தால் போதும்.

எங்கள் ஊர் செங்கோட்டையின் பின்கோடையே எடுத்துக்கொள்ளுங்கள்: 627809. 809-இல் 627 போனால் 182. இது 7-இன் 26 மடங்கு, 13-இன் 14 மடங்கு. ஆகவே 627809-உம் அந்த இரண்டாலும் வகுபடும். 11-க்கு 6 மீதி.

சூட்சுமம் இதுதான்: 7 × 11 × 13 = 1001. 627-ஐ 1001-ஆல் பெருக்கினால் 627627. அதற்கு மேல் மிச்சம் நிற்பது அதே 182. அதை மட்டும் சோதித்தால் ஆயிற்று.

ஆரியங்காவு கணவாய் தாண்டி கேரளத்துப் புனலூர் போனால் 691305. (1956 வரை நாங்களும் அந்தப் பக்கம்தான், பின்கோடு வந்தது 1972-இல் என்பதால் எங்களுக்குத் தமிழ்நாட்டு எண்.) 691-இல் 305 போக 386. மூன்றுக்கும் மசியாது. 5-இல் முடிகிறது, இலக்கங்களின் கூட்டல் 24. அதனால் 5-ம் 3-ம் போகும்.

மறுபடி செங்கோட்டைக்கு வந்தால், 7 × 13 × 6899. இந்த 6899 பகா எண்தானா என்று 83 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்ததில் இரண்டு டீ ஆறிப்போனது. பகா எண்தான். 627809-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் அதை மட்டும் விட்டுவிட்டு, 1 உட்பட மற்ற எல்லாவற்றையும் கூட்டினால் 144991. எண்ணைவிடச் சிறியது, ஆகவே இது குறைவெண்.

ஒன்பது இலக்கம் என்றால்? வலக்கோடியிலிருந்து தொடங்கி முதல் கூறைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அப்புறம் மறுபடி கூட்டு.