அறுகம்குடாவில் அலையேறப் பழகுபவர்கள் விடும் பிழைகள்

ஓகஸ்ட் சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து வரும் வான்கள் பொத்துவில் தாண்டி அறுகம்குடாப் பாலத்தில் ஏறும்போது, கூரையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும், உள்ளே இருப்பவர்களுக்கு அன்றைய காலை எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். கூர் மூக்கு, ஆறடி நீளம், இரண்டரை அங்குலத் தடிப்புள்ள சேர்ஃபிங் பலகை. நாங்கள் பழகத் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் இப்போது வரும் தம்பி தங்கச்சிமாரும் விடுகிறார்கள். நீந்தப் பழகிவிட்டு வாருங்கள், வெயிலுக்குக் கிறீம் பூசுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். இங்கே மற்றவற்றைப் பார்ப்போம்.

சீசன் கடைசியில் மலிவாக வாங்கும் குட்டிப் பலகை

இதுதான் காசையும் காலத்தையும் சேர்த்துத் தின்னும் பிழை. ஒவ்வொரு வருடமும் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, ஒவ்வொரு வருடமும் எரிச்சல் வருகிறது.

சித்திரையில் தொடங்கும் அலைக்காலம் ஒக்டோபரோடு ஓய்கிறது. ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர் விமானத்தில் பலகை ஏற்றும் செலவுக்குப் பயந்து மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் பல வருடம் பழகியவர்களுக்கான பலகை. பலகையின் அடிப்பக்கத்தில் நடுக்கோட்டுக்கு அருகே நீளம், அகலம், தடிப்பு, பல பலகைகளில் லீற்றர் அளவும் எழுதியிருக்கும். வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை.

லீற்றர்தான் மிதப்பு. புதிதாகப் பழகுபவருக்கு, உடல் நிறை எத்தனை கிலோவோ அதற்குக் குறையாத லீற்றர் வேண்டும். கூடினால் இன்னும் நல்லது. அறுபத்தைந்து கிலோ உள்ள ஒருவர் 28 லீற்றர் ஆறடிப் பலகையில் படுத்தால் நெஞ்சுவரை தண்ணீருக்குள் போய்விடும். கையால் துடுப்புப் போல எவ்வளவு வலித்தாலும் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நகருமே தவிர வழுக்கி ஓடாது. அலை உங்களைத் தூக்க வேண்டுமென்றால், அது உடைவதற்கு முன்பே பலகை அதன் வேகத்துக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். குட்டிப் பலகையில் அந்த வேகம் வருவதற்குள் அலை செங்குத்தாகிவிடும். மூக்கு குத்தும், நீங்கள் தலைகீழ். ஒரு காலை முழுக்க இப்படியே போனால், எழும்பி நிற்கப் பார்க்கும் சந்தர்ப்பமே கிடைக்காது. ஆனால் சேர்ஃபிங் பழகுவது அந்த எழும்பலில்தான். எத்தனை தடவை முயன்றீர்களோ அவ்வளவுதான் பழக்கம்.

எட்டடி நீளம், இருபத்திரண்டு அங்குல அகலம், மூன்று அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள மென்பலகையை வாடகைக்கு எடுங்கள். மேல்பக்கம் பஞ்சு போல இருப்பதால் தலையில் பட்டாலும் காயம் குறையும். உடையாத பச்சை அலையை நீங்களாகவே பிடித்து, அதன் முகத்தோடு பக்கவாட்டில் ஓடி, நினைத்த இடத்தில் திரும்ப முடிகிற நாள் வரும்வரை அதை விடாதீர்கள். பிறகு நீளத்தை அரையடி அரையடியாகக் குறையுங்கள். எட்டிலிருந்து ஆறுக்குக் குதிப்பவர்கள் திரும்பவும் முதற்படிக்கே வருகிறார்கள்.

பழைய பலகை வாங்கத்தான் வேண்டுமென்றால், மேலே உள்ள மெழுகைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். சுரண்ட விடாதவரிடம் வாங்க வேண்டாம். பின்கால் மிதிக்கும் இடத்தைப் பெருவிரலால் அமத்துங்கள்: உள்ளே போய் மீண்டால் கண்ணாடி நார் தோல் நுரையிலிருந்து விட்டுவிட்டது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். "டொக் டொக்" என்று வந்த சத்தம் ஓரிடத்தில் "பொத்" என்று மாறினால் அங்கேயும் அதே கதை. அடிப்பக்கத்தில் குறுக்கே மயிர்க்கோடு ஓடினால் அந்தப் பலகை ஒருமுறை வளைந்து முறியப் பார்த்திருக்கிறது. வெடிப்பைச் சுற்றித் தேத்தண்ணி நிறத்தில் கறை இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

படகு ஒட்டும் ரெசினால் பலகை ஒட்டுவது

கரையில் பைபர் படகு ஒட்டத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். வேலையும் வடிவாகச் செய்வார். மூக்கு உடைந்த பலகையோடு ஒரு பெடியன் அப்படி ஒருவரிடம் போனான். பின்னேரம் திரும்பி வந்து பார்த்தபோது மேலே ஒட்டு பளபளவென்று இருந்தது, அதற்குக் கீழே கைமுட்டி போகிற அளவுக்குக் குழி. ஒட்டியவரில் பிழையில்லை. படகுக்குப் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன், அந்தப் பலகைக்குள் இருந்த ரெஜிபோம் நுரையைக் கரைத்துவிடும்.

ஆகவே முதலில் உடைந்த வாயைக் கிட்டப் பாருங்கள். உள்ளே ரெஜிபோம் போல வெள்ளை மணிமணியாக இருந்தால் எப்பொக்சி மட்டும்தான். மாவு போல நுண்ணியதாக, சற்று மஞ்சளாக இருந்தால் பொலியெஸ்டர் போடலாம், எப்பொக்சியும் பிடிக்கும். சந்தேகமென்றால் எப்பொக்சி. வெயிலில் காய வைக்கும் டியூப் பிசின்களிலும் இரண்டு வகை உண்டு, உறையை வாசித்து வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, உடைந்த பக்கம் கீழே இருக்க நிழலில் நாட்கணக்கில் வடிய விடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் அந்த ஒட்டு நிற்காது. எண்பதாம் நம்பர் மண்தாளால் சுற்றிலும் இரண்டு அங்குலம் தேய்த்து, அதன்மேல் கண்ணாடி நார்த் துணி போட வேண்டும். எப்பொக்சிக்குப் போத்தலில் சொன்ன விகிதம்தான். கெதியாகக் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும். வேலை முடியும்வரை அந்தப் பலகையோடு கடலில் இறங்க வேண்டாம், "இன்றைக்கு ஒருநாள்தானே" என்றாலும்.

மெயின் பொயின்ட்டில் தொடங்குவது

பெயர் பெற்ற இடம் என்பதற்காக நேரே அங்கே போகிறார்கள். அடியில் கல், ஆழம் குறைவு, கடல் முள்ளெலி. விழுந்தால் காலை ஊன்ற முடியாது. கூட்டமும் அதிகம். பழகுவதற்கு மணல் அடியுள்ள பேபி பொயின்ட் இருக்கிறது, பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட் இருக்கிறது. பாசிக்குடாவில் நீந்திப் பழகிய துணிவு இங்கே உதவாது. அது குளம் போன்ற கடல்.

எங்கே இறங்கினாலும், அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ அலை அவருடையது. வெளியே போகும்போது ஆட்கள் ஓடிவரும் கோட்டுக்குள் நுழையாமல் சுற்றிப் போங்கள். மீன்பிடிப் படகுகள் கரையேறும் பாதையில் மிதந்துகொண்டு நிற்காதீர்கள். அலையோடு வரும் படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

அலைக்கும் உடம்புக்கும் நடுவில் பலகையைப் பிடிப்பது

பல்லும் மூக்கும் உடைவது இப்படித்தான். பலகை எப்போதும் உங்கள் பக்கவாட்டில், பலகையின் மூக்கு அலையைப் பார்த்து.

லீஷைக் கையில் சுற்றுவது

லீஷ் என்பது பலகையைக் காலோடு கட்டும் கயிறு. அலை பலகையை இழுத்தால் விரல் போய்விடும்.

வான் கூரையில் வெயிலில் விடுவது

ஒரு மத்தியானம் போதும், தோல் கொப்பளிக்க. நிழல் இல்லையென்றால் ஈரத் துவாயால் மூடுங்கள். மாரியில் தகரக் கொட்டிலுக்குள் கூரையோடு கட்டித் தூக்கி வைப்பதும் கூடாது. மழை விட்ட நாளில் தகரத்தின் சூடு முழுக்கப் பலகையில் இறங்கும்.

பத்து மணிக்கு இறங்குவது

காலையில் தரையிலிருந்து மெல்லிய கச்சான் காற்று வீசும்போது அலை மழமழவென்று நிமிர்ந்து நிற்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அலையின் முகத்தைக் கலக்கிவிடும், ஆட்களும் கூடிவிடுவார்கள். கச்சான் பலமாக இருந்தால் பெரிய மென்பலகையை அது கடலுக்குள் தள்ளும். அப்படி வெளியே போய்விட்டால் பலகையை விட்டுவிட்டு நீந்த வேண்டாம், அதில் படுத்தபடியே கரைநோக்கி வலியுங்கள்.

ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் மட்டக்களப்பிலிருந்து விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். தூக்கக் கண்ணோடு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதைவிட, முதல்நாள் இரவே பொத்துவிலில் தங்கிவிடுங்கள்.