பலகையைக் கடையிலேயே வெட்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், தச்சு வேலை பழக ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர், கடையில் வெட்டி வாங்கிய ப்ளைவுட் துண்டுகளை என் முன்னால் அடுக்கி வைத்தார். "டேப் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாட்டினால் மட்டும் அலமாரி கோணிக்கொண்டு நிற்கிறது அண்ணா" என்றார். துண்டுகளைத் தொடும் முன்பே, கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கேட்டேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த அதே மாதிரிப் பட்டியல்.

டேப்பைத் தப்பாகப் படிப்பது, அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் குழப்பிக்கொள்வது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் தானே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ முடுக்கும் வரை கண்ணில் படாத தவறுகள்தான் ஆளைப் படுத்துகின்றன.

பாகங்களின் பெயர் வரிசையில் பட்டியல் எழுதுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் செய்ய நினைத்தது கதவு வைத்த ஒரு புத்தக அலமாரி. வெளி அகலம் 800 மி.மீ. இரண்டு பக்கப் பலகைகளும் 18 மி.மீ. கனம் என்பதால் நடுவில் வரும் மேல்பலகை, கீழ்ப்பலகை, நான்கு தட்டுகள் ஆகிய ஆறும் 764 மி.மீ. நீளம். கணக்கு சரி. பட்டியலை மனதில் தோன்றிய வரிசையில் எழுதினேன்: பக்கம் 2, மேல் 1, கீழ் 1. அதோடு ஒரு சின்ன ஸ்டூலுக்கும் 280 மி.மீ. துண்டுகள் தேவைப்பட்டன, அவற்றை அடுத்து எழுதினேன். அப்புறம் தட்டுகள் 4.

மெஷினில் நின்றவர் தாளில் இருந்த வரிசைப்படியே வெட்டினார். பலகை முட்டி நிற்கும் தடுப்பை 764இல் பூட்டி மேலும் கீழும் வெட்டினார். தடுப்பை 280க்கு நகர்த்தி ஸ்டூல் துண்டுகளை முடித்தார். மறுபடி 764க்குக் கொண்டுவந்து தட்டுகளை வெட்டினார். அந்த இரண்டாவது 764, முதல் 764 இல்லை. தட்டுகள் நான்கும் 762 ஆக வந்திருந்தன.

டேப்பில் அது தெரியவில்லை. டேப் நுனியின் கொக்கி லேசாக ஆடும்; தன் கனத்தை ஈடுகட்டுவதற்காக அதை அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் இழுத்துப் பிடித்ததைப் பொறுத்தும், பார்க்கும் கோணத்தைப் பொறுத்தும் ஒரு மில்லிமீட்டர் இங்குமங்கும் போய்விடும். நான் ஒவ்வொரு துண்டாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஸ்க்ரூ முடுக்கியதும் பக்கப் பலகைகள் நடுவில் உள்ளே இழுத்துக்கொண்டன. அலமாரிக்கு இடுப்பு விழுந்தது. தட்டுகள் நான்கும் குட்டையாக இருக்கும்போது மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் 762க்குக் குறைப்பதுதான் வழி என்று, பிரித்துப் போட்டுக் கைரம்பத்தால் வெட்டினேன். ஓரத்தில் சிராய் பெயர்ந்தது. ஒரு வழியாகச் சேர்த்து முடித்தால் வெளி அகலம் 798. கதவுகளையோ 800க்கு ஏற்கெனவே வெட்டி, ஓரத்துக்குப் பட்டையும் ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு கதவுகளும் வீணாயின. இதெல்லாம் இரண்டு மில்லிமீட்டரால் வந்தது.

அப்போது அந்த மெஷின்காரர் மேல்தான் கோபப்பட்டேன். இன்று புதியவர்கள் அப்படிப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேலைப் பார்த்துத் தடுப்பை இரண்டு முறை பூட்டினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறத்தான் செய்யும். கடை மெஷின் அதற்குமேல் வாக்குக் கொடுப்பதில்லை. தடுப்பை நகர்த்தவைத்தது என் தாள்.

அலமாரிக்கு உள்ளே வரும் பலகைகள் 764ஆக இருக்கிறதா, 763ஆக இருக்கிறதா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும், அலமாரி நேராக நிற்கும். ஆகவே பட்டியலை அளவு வாரியாக எழுதுங்கள். முதல் வரியில் "764 நீளம், 300 அகலம், 6 துண்டு", அடுத்த வரியில் "1800 நீளம், 300 அகலம், 2 துண்டு". எது மேல், எது தட்டு என்பதெல்லாம் வெட்டுபவருக்குத் தேவையில்லை. வெட்டி முடிந்ததும் பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ளலாம். இந்த ஆறும் தடுப்பை நகர்த்தாமல் வெட்ட வேண்டியவை என்று வாயாலும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை, அவருக்கும் வேலை குறைகிறது.

வெட்டியதை டேப்பால் சோதிக்க வேண்டாம். ஆறு துண்டுகளையும் சமமான மேசையில் பக்கத்தில் பக்கமாக நிறுத்தி, மேல் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் விரலில் தட்டும். தடுப்பு அதே இடத்தில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். நகர்த்திவிட்டால் திருத்தம் என்பது மறுபடி ஒரு புது அளவுதான்.

ரம்பம் தின்னும் மரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

ரம்பத்துக்கும் கனம் உண்டு. மெஷின் ரம்பங்கள் பொதுவாக ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. அளவுக்கு மரத்தைத் தூளாக்கும். 1220 அகல ஷீட்டை நான்கால் வகுத்து 305 வீதம் கேட்டால் கிடைக்காது. மூன்று வெட்டிலேயே 9 மி.மீ. போய்விடும், கடைசிப் பட்டை 296தான் வரும். 300 வீதம் கேட்டால் மிச்சம் இருக்கும் 20 மில்லிமீட்டருக்குள் வெட்டுகளும், ஓரத்தைச் சீவுவதும் அடங்கிவிடும். அலமாரியின் ஆழம் 305ஆ 300ஆ என்பது புத்தகங்களுக்குத் தெரியப் போவதில்லை.

ஷீட்டின் ஓரத்தை நம்புவது

ஏற்றி இறக்கும்போது ஓரம் அடிபட்டிருக்கும், மூலையும் எப்போதும் சரியான 90 பாகையாக இருக்காது. முதலில் நீள ஓரம் ஒன்றையும் குறுக்கு ஓரம் ஒன்றையும் 5 மி.மீ. அளவுக்குச் சீவி எடுக்கச் சொல்லி, அங்கிருந்து அளவு எடுங்கள்.

தாளில் மட்டும் வெட்டக்கூடிய படம்

ஷீட்டில் துண்டுகளைப் பொருத்திப் படம் போட்டுக்கொண்டு போவது நல்ல பழக்கம். ஆனால் கடை மெஷின் ஒரு ஓரத்தில் நுழைந்தால் எதிர் ஓரத்தில்தான் வெளியே வரும். நடுவழியில் நின்று வேறு பக்கம் திரும்பாது. துண்டுகள் செங்கல் கட்டியதுபோல மாறிமாறி அமைந்த படத்தைக் கொடுத்தால், வெட்டுபவர் வேறு வரிசையைத் தானே யோசித்துக்கொள்வார். நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த துண்டு அதில் காணாமல் போகும். முதலில் முழு நீளப் பட்டைகள், பிறகு அந்தப் பட்டைகளைக் குறுக்கே துண்டாக்குவது. படத்தை இந்த ஒழுங்கில் போடுங்கள். என் அலமாரியையே இப்படிப் போட்டிருந்தால் 300 மி.மீ. பட்டைகள் நான்கு, இரண்டில் பக்கங்கள், மற்ற இரண்டில் மும்மூன்று 764. ஒரே ஷீட்டில் முடிந்திருக்கும், தடுப்பும் அசைந்திருக்காது.

ரேகை

மரத்தின் நார் ஓடும் கோடுகள், அதாவது ரேகை, நீளப் பக்கத்தை ஒட்டி ஓட வேண்டும்; ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போடுங்கள். தட்டு குறைவாகத் தொய்வதும் அப்படி வைத்தால்தான்.

எந்த முகம் சிதையும் என்று கேட்காமல் விடுவது

ரம்பப் பல் மரத்தைவிட்டு வெளியேறும் பக்கத்தில் சிராய் பெயரும். மேசை ரம்பத்தில் அது கீழ் முகம், கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் மேல் முகம். எந்த முகம் வெளியே தெரியப் போகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

18 என்றால் 18 என்று எடுத்துக்கொள்வது

18 மி.மீ. என்று விற்கும் ப்ளைவுட் பல நேரங்களில் அதற்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 17.5 கனப் பலகைக்கு 18இல் காடி, அதாவது தட்டு நுழையும் பள்ளம், வெட்டினால் தட்டு ஆடும். வாங்கப் போகும் அதே ஷீட்டை நான்கு இடத்தில் அளந்துவிட்டு, அந்த எண்ணை வைத்துப் பட்டியலைத் திருத்துங்கள். அதனால் பட்டியலைப் பென்சிலிலேயே எழுதுங்கள்.

கைக்குள் அடங்கும் துண்டுகள்

கடையில் கேட்காதீர்கள், விரலுக்கு ஆபத்து.

முழு மரப் பலகையை அன்றே இறுதி அளவுக்கு வெட்டுவது

ப்ளைவுட் அவ்வளவாக அசையாது. முழு மரம் ஈரத்தை ஏற்றும், இறக்கும். நீளம் ஏறக்குறைய மாறாது, அகலம் மாறும். கொஞ்சம் கூடுதலாக வெட்டி வாங்கி, பொருள் இருக்கப் போகும் அறையிலேயே காற்றுப் படும்படி சில வாரங்கள் அடுக்கி வையுங்கள். முறுக்கிக்கொள்ளும் பலகை அதற்குள் முறுக்கிக் காட்டிவிடும்.

கதவையும் இழுப்பறையையும் சேர்த்தே வெட்டி வாங்குவது

கடைக்கு இரண்டு முறை போக அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் முறை கூட்டுக்கான, அதாவது கதவும் இழுப்பறையும் இல்லாத வெறும் பெட்டிக்கான, பலகைகளை மட்டும் வெட்டி வாங்குங்கள். சேர்த்து முடித்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமம்தானா என்று பார்த்த பிறகு, நிற்கும் கூட்டையே அளந்து கதவுக்கும் இழுப்பறைக்கும் எழுதுங்கள். இழுப்பறை ஓடுவதற்காகப் பக்கவாட்டில் மாட்டும் சேனல்களில் பெரும்பாலானவை ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் கேட்பவை. கூட்டின் வாய் எதிர்பார்த்ததைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைந்து போயிருந்தால், முன்கூட்டியே வெட்டி வைத்த இழுப்பறை உள்ளேயே போகாது. அந்தத் தம்பியின் கதவுகள் இன்னும் வெட்டப்படவில்லை. துண்டுகளை நிறுத்தி விரலை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு தட்டுகள் மட்டும் தாழ்ந்திருந்தன. நீளமானவற்றை அந்த அளவுக்கு ஒரே பூட்டில் வெட்டிவர, மறுநாள் காலையில் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.