இடம் மாறினால் பொருள் மாறும் ஆங்கிலச் சொற்கள்

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதிய மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர், அனுப்புவதற்கு முன் கடிதத்தை என்னிடம் காட்டினார். கடைசி வரி 'ப்ளீஸ் ஓவர்லுக் மை சர்ட்டிஃபிகேட்ஸ்' என்றிருந்தது. சான்றிதழ்களை ஒருமுறை பாருங்கள் என்று கேட்க நினைத்திருக்கிறார். ஆனால் அதைப் படிப்பவர், 'என் சான்றிதழ்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்' என்றுதான் புரிந்துகொள்வார். எழுதியிருக்க வேண்டியது 'லுக் ஓவர்'.

தமிழில் இந்தப் பயம் இல்லை. 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் துரத்தியது நாய்தான். 'ஐ' உருபு எங்கே போனாலும் பூனையோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது. சாதாரண வாக்கியத்தில் வினைக்கு முன்னால் நிற்பவர்தான் அதைச் செய்தவர். இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். தமிழ்ப் பழக்கத்தில் சொற்களை நகர்த்துவதால்தான் நாம் பல இடங்களில் வழுக்குகிறோம்.

இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து வரும்போது மட்டும் நம் தமிழே கைகொடுக்கும். தேங்காய் எண்ணெய் என்றால் அது எண்ணெய், தேங்காய் இல்லை. ஆங்கிலத்திலும் பின்னால் நிற்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். 'ஹவுஸ் போட்' என்பது தங்கும் வசதியுள்ள படகு, 'போட் ஹவுஸ்' படகுகளை நிறுத்தி வைக்கும் கட்டடம். தோவாளையில் இருப்பது 'ஃப்ளவர் மார்க்கெட்'. கன்னியாகுமரியில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுபவர்கள் பலகை எழுதும்போது கவனிக்க வேண்டும்: 'கெஸ்ட் ஹவுஸ்' என்றால்தான் தங்கும் வீடு. 'ஹவுஸ் கெஸ்ட்' என்றால் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி.

ஓவர், அப் போன்ற சொற்கள் வினையோடு சேரும் இடத்தில் விதி எதுவும் உதவாது, மனப்பாடம்தான். 'செட் அப்' என்றால் நிறுவுவது, 'அப்செட்' என்றால் மனம் வருந்தச் செய்வது. களியக்காவிளை சாலையில் பஸ் செய்வது 'ஓவர்டேக்'. பொறுப்பை ஏற்றுக்கொள்வது 'டேக் ஓவர்'. அப்புறம், லாட்ஜ் விளம்பரத்தில் 'ரூம் ஓவர்லுக்கிங் த ஸீ' என்று வந்தால் தவறென்று நினைத்துவிடாதீர்கள். கடலைப் பார்த்த அறை என்பது அந்தச் சொல்லுக்கு உள்ள இன்னொரு சரியான பொருள்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு மனுக்களில்தான் இருக்கிறது. 'சம்பந்தப்பட்ட அதிகாரி' என்பதை அதே வரிசையில் 'கன்சர்ன்டு ஆஃபீசர்' என்று எழுதுகிறோம். நம் நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கு என்பதால் இங்கே யாருக்கும் குழப்பமில்லை. வெளிநாட்டுக்கு எழுதும்போது அது 'கவலையோடு இருக்கும் அதிகாரி' ஆகிவிடும். 'த ஆஃபீசர் கன்சர்ன்டு' என்று எழுதுங்கள். இதே போல 'ரெஸ்பான்ஸிபிள் பர்சன்' பொறுப்புணர்வுள்ளவர், 'த பர்சன் ரெஸ்பான்ஸிபிள்' நடந்ததற்குக் காரணமானவர். புகார்க் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், யார்மேல் புகார் சொல்கிறோமோ அவருக்கே நற்சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.