பழைய சிந்தசைசரை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது

மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டான சிந்தசைசர், அதுவும் பழையது ஒன்று கண்ணில் பட்டதும் கை தானாக பவர் ஸ்விட்சுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பின்பக்கம் திருப்பி வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை, அதைக் கவனிக்காமல் 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை போகும், கூடவே வேறு என்னென்ன போகும் என்று சொல்ல முடியாது.

வோல்டேஜ் சரி என்றால் ஆன் செய்து அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். 1970-ல் வந்த மினிமூக் மாடல் டி மாதிரி அனலாக் ஆசிலேட்டர் (சுருதியை உண்டாக்கும் மின்சுற்று) உள்ளவை சூடேறும் வரை சுருதி நகர்ந்துகொண்டேதான் இருக்கும், அது கோளாறே இல்லை. சூடேறிய பிறகும் சுருதி ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். சில பழுதுகள் சூடான பிறகுதான் வெளியே தெரியும் என்பதாலும் இந்தக் காத்திருப்பு அவசியம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வேலை: ஒவ்வொரு வாய்ஸாகக் கேட்பது. ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும் சுற்றுதான் ஒரு வாய்ஸ். 1984-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு வாய்ஸ், ஒவ்வொன்றுக்கும் 80017ஏ என்ற ஒரு சிப். அதன் மேல் பூசிய எபாக்ஸி என்ற பிசின் காலப்போக்கில் கெட்டு, வாய்ஸ் கரகரக்கும், விட்டுவிட்டு வரும், சில சமயம் கீயிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பல கீகளைச் சேர்த்து கார்டாகப் பிடித்தால் ஐந்து நல்ல வாய்ஸுக்கு நடுவில் கெட்டது ஒளிந்துகொள்ளும். அதனால் கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போடுங்கள், டெஸ்ட் மோடு வரும். ஒவ்வொரு கீயை அடிக்கும்போதும் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் ரெசனன்ஸ் ஸ்லைடரை முழுதாக ஏற்றினால் ஃபில்டரே விசில் அடிக்கும், அந்த விசில் ஆறிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் மங்கலாகவோ சுருதி தள்ளியோ வந்தால் அதுதான் நோயாளி. எபாக்ஸியை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் பல சிப்கள் பிழைத்துவிடும், இல்லாவிட்டால் புதிதாகச் செய்த மாற்று சிப் போடலாம். ஆகவே ஒரு வாய்ஸ் போயிருந்தால் வேண்டாம் என்று ஓடாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 1981-ன் கோர்க் பாலிசிக்ஸில் போர்டின் மேலேயே ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கிறது, அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பச்சை பூத்திருந்தால் பெரிய வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். யமஹா டிஎக்ஸ்7-இல் இந்தப் பயம் குறைவு, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. ஆனால் அதைக் கழற்றினால் நினைவிலுள்ள 32 ஒலிகளும் போய்விடும், முன்கூட்டியே மிடி (இசைக்கருவிகளை இணைக்கும் முறை) வழியாகக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடர் கரகரப்பு, ஒன்றிரண்டு கீ பேசாமல் இருப்பது, இதெல்லாம் பெரும்பாலும் தூசியும் அழுக்கும்தான். கீயின் ரப்பர் கான்டாக்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே பாதிக்கு மேல் சரியாகும். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை பக்கம் கை வைக்காதீர்கள், அங்குள்ள பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.