மறுபடியும் ஜியோகேஷிங்: கையடக்க ஜிபிஎஸ் வாங்கி, செட் பண்ணி, கிளம்புவது எப்படி?

ஜியோகேஷிங் என்றால், யாரோ ஒளித்துவைத்த டப்பாவை (அதுதான் ‘கேஷ்’) ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. துல்லியம் கூடும் என்று நம்பி கையடக்க ஜிபிஎஸ் வாங்காதீர்கள். பெங்களூர் கப்பன் பார்க் மரங்களுக்கு அடியில் நல்ல போனும் சாதாரணக் கையடக்கக் கருவியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தடுமாறும். வாங்குவதற்குக் காரணம் வேறு: உச்சி வெயிலில் திரை தெரியும், மழை தாங்கும், பாறையில் விழுந்தாலும் பிழைக்கும், இரண்டு ஏஏ செல்லை மாற்றிவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். நந்தி மலை, சாவன்துர்கா பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பெங்களூருக்குள் மட்டும் தேடுவீர்கள் என்றால் ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற கேஷிங் ஆப் இலவசம். காசை மிச்சம் பிடியுங்கள்.

1. பரணில் கிடக்கும் பழையதைப் பாருங்கள்

செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்துப் போட்டுப் பாருங்கள். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பட்டியல் முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். மொட்டை மாடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். தேதி தப்பாக வந்தால் கலங்க வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய கருவிகள் சில அதில் குழம்பிப்போகும். தேதி தப்பினாலும் இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும்.

2. புதிது என்றால் எது?

என் ஓட்டு கார்மின் இடிரெக்ஸ் 32எக்ஸுக்கு. 22எக்ஸ் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் எலக்ட்ரானிக் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நடக்கும்போதுதான் அதற்குத் திசை தெரியும், நின்றால் அம்புக்குறி மனம்போன போக்கில் சுற்றும். கேஷிங்கில் கடைசிப் பத்து மீட்டர் முழுக்க நின்று நின்று பார்ப்பதுதானே? கை தாராளம் என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ். இரண்டு அலைவரிசைகளில் கேட்பதால், கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சிக்னலை ஓரளவு சமாளிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘இன்ரீச்’ உள்ள மாடல்களை (66ஐ, 67ஐ போன்றவை) வாங்கவும் வேண்டாம், அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி விடவும் வேண்டாம். அவை செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புபவை. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பையில் இருந்ததற்கே வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜிபிஎஸ்ஸுக்குப் பொதுவாக இந்த வம்பு இல்லை.

3. கோஆர்டினேட் வடிவம் (இதை நிதானமாகப் படியுங்கள்)

கோஆர்டினேட் என்பது ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். ஜியோகேஷிங் தளத்தின் கேஷ் பக்கங்களில் அவை டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கும். கூகுள் மேப் தசம டிகிரியாகத் தரும். கருவியின் மெனுவில் டிகிரி-நிமிடம்-விநாடி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு.

லால்பாக்குக்குள் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: வடக்கு 12.9507, கிழக்கு 77.5848. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள். 0.9507 × 60 = 57.042. 0.5848 × 60 = 35.088. ஆக, கேஷிங் வடிவில் 12° 57.042', 77° 35.088'.

இதையே விநாடி வடிவில் இருக்கும் கருவியில் 57' 04.2", 35' 08.8" என்று அடித்தால்? கருவி மறுக்காது, பிழை என்றும் சொல்லாது. வடகிழக்கே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஒரு புதரைக் காட்டும். நீங்களும் அங்கே இலை இலையாகப் புரட்டுவீர்கள்.

செட்டப் மெனுவில் ‘பொசிஷன் ஃபார்மேட்’டைத் தசம நிமிடத்துக்கும், ‘மேப் டேட்டம்’மை (அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் கணக்கிடுவது என்பது) டபிள்யூஜிஎஸ் 84-க்கும் மாற்றுங்கள். இந்தியா என்று பெயர் போட்ட டேட்டம்களும் பட்டியலில் வரும். தேசப்பற்றில் தொட்டுவிடாதீர்கள், அவை பழைய வரைபடங்களுக்கானவை. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் வெறும் 1.85 மீட்டர். அதற்காக அல்லாட வேண்டாம். முதல் தசம இலக்கத்தில் ஒன்று தப்பினால் 185 மீட்டர்!

4. ஏற்றுவது

ஜியோகேஷிங் தளத்தின் பிரீமியம் கணக்கில் ‘பாக்கெட் கொயரி’ (கேஷ் விவரங்களை மொத்தமாக இறக்கும் வசதி) போட்டால் ஒரே கோப்பில் 1000 கேஷ் வரை வரும். அந்த ஜிபிஎக்ஸ் கோப்பை, கருவியில் உள்ள கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பே போதும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் கேஷ் பக்கத்தில் கடைசி லாக்குகளையும் (தேடியவர்கள் எழுதிய குறிப்புகள்) பாருங்கள். வரிசையாகக் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் அந்த டப்பா போயே போச்சு.

5. களத்தில்

செல் மாற்றினால் திசைகாட்டியையும் மறுபடி சரிசெய்யுங்கள். முப்பது மீட்டர் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டு வெவ்வேறு பக்கங்களிலிருந்து அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். பூங்காக் காவலர் வந்து “ஏன் ஹுடுக்தா இதீரா?” (கன்னடத்தில் ‘என்ன தேடுகிறீர்கள்?’) என்று கேட்டால் விளையாட்டை விளக்கிச் சொல்லுங்கள். கருவியைக் காதில் வைத்து போன் பேசுவதுபோல நடிப்பது பழைய தந்திரம். ஆனால் யாரும் நம்புவதில்லை.

பிற்சேர்க்கை: “கருவியை கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் மினி யுஎஸ்பி கேபிள். மைக்ரோ அல்ல, டைப்-சியும் அல்ல. பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது டேட்டா போகும் கேபிள்தானா என்று கேட்டு, முடிந்தால் கருவியைக் கொண்டுபோய் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் பார்க்க அச்சு அசல் அப்படியேதான் இருக்கும்.