வளவில் ஓர் ஓவிய வகுப்பு: பதின்வயதினருக்கு வரைதலும் காட்சியமைப்பும்

பன்னிரண்டு வயது வரை கண்ட இடமெல்லாம் படம் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் தனக்கு வரைய வராது என்று சொல்லி நோட்டை மூடிவிடுவதை ஓவிய ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அந்த வயதில் கண் கைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. தான் வரைந்த குடம் குடமாக அமையவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. எந்த இடத்தில் பிசகியது என்பது தெரிவதில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் தட்டிக்கொடுத்தாலும் அவர்கள் அதை நம்புவதில்லை. பிசகிய இடத்தைத் தாங்களே கண்டுபிடிப்பதற்கான வழிகளை, அதாவது அளப்பதையும் ஒப்பிடுவதையும் சரிபார்ப்பதையும், கற்றுக்கொடுப்பதே இந்த வயதினருக்கான ஓவிய வகுப்பின் முதல் வேலை.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் முதலிய ஊர்கள் அடங்கிய செட்டிநாட்டில் கற்பிப்பவருக்கு இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே, முற்றத்தைச் சுற்றிய வளவு என்னும் உள்கட்டிலும் மற்றக் கட்டுகளிலும், கிடைக்கின்றன. ஆனால் அந்த வீடே இடைஞ்சலாகவும் ஆகும். முகப்பைக் கண்டதும் மாணவன் வாசலுக்கு மேலிருக்கும் சுதைக் கஜலட்சுமியின் யானையிலிருந்து தொடங்குவான். மாணவி கதவு நிலையில் செதுக்கிய கொடியை இலை இலையாக வரைவாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் யானையும் இலையும் இருக்கும், வீடு இருக்காது. ஆகவே இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு பயிற்சியும் பெரிய வடிவத்தை முதலில் பிடித்து, அலங்காரத்தைக் கடைசிக்குத் தள்ளும் வகையில் அமைந்துள்ளது.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஓர் அழிப்பான், கிளிப் வைத்த அட்டை, ஏ3 அளவில் சற்றுச் சொரசொரப்பான தாள் ஆகியவை போதும். ஸ்கேலை முதல் மாதம் வகுப்புக்குள் விடக்கூடாது. விலையுயர்ந்த தாள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்பதால், பயிற்சிகளுக்கு ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்களே மேல்.

கோடு

பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவதுபோலவே வரைகிறார்கள். மணிக்கட்டைத் தாளில் ஊன்றி, விரல்களால் மட்டும் பென்சிலை நகர்த்துவதால் கோடு துண்டு துண்டாக, மயிர்க்கால் முளைத்ததாக விழுகிறது. நடுவீட்டுக் கோலம் போடுகிற ஆச்சி ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அரிசிமாவுக் கரைசலில் நனைத்த துணியைப் பிடித்து அவர் ஒரே இழுப்பில் கோடு இழுக்கும்போது தோள் எப்படி அசைகிறது என்பதைப் பார்க்கச் சொல்வது, அரை மணி நேர விரிவுரையைவிடப் பயன் தரும். பிறகு தாளில் தொலைவாக இரண்டு புள்ளிகள் வைத்து, பென்சில் முனையைத் தாளில் படாமல் சிலமுறை ஓட்டிப் பார்த்து, கண்ணைச் சேரவேண்டிய புள்ளியில் நிறுத்தி, ஒரே வீச்சில் இணைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

இதை அடுத்து, தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் பார்த்து வரையும் பயிற்சியைக் கொடுக்கலாம். பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) ஒன்றை நடுவில் வைத்து, விளிம்பில் ஓர் எறும்பு ஊர்வதாக எண்ணி, அதன் வேகத்தில் கண்ணையும் கையையும் சேர்த்து நகர்த்தச் சொல்லுங்கள். கிடைக்கும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், வகுப்பு முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பும் தேவைதான், ஏனென்றால் படம் அழகாக வரவேண்டும் என்ற பயம் அதில் கொஞ்சம் கரைகிறது.

அளத்தல்

கையை முழுவதுமாக நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மேல்முனையைப் பொருளின் ஓர் எல்லையில் வைத்து, மறு எல்லையைக் கட்டைவிரல் நகத்தால் குறிப்பது பழைய முறை; இன்றும் இதைவிட எளிய முறை இல்லை. பட்டாலை என்னும் கூடத்தில் நிற்கும் தேக்குத்தூண் ஒன்றின் அகலத்தை இவ்வாறு எடுத்து, அதே அளவு தூணின் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணச் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன் ஊகித்து எழுதவைத்தால், பெரும்பாலோர் குறைவான எண்ணையே எழுதுவார்கள். தங்கள் கண் தங்களை ஏமாற்றும் விதத்தை அவர்களே எண்ணில் பார்த்துக்கொள்வார்கள். செங்குத்தைச் சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு வேண்டுமென்பதில்லை, நூலில் கட்டிய சாவி போதும்.

பொருளை விட்டுவிட்டு, பொருள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை வரைவது அடுத்த பாடம். இரண்டு தூண்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சப் பட்டை, ஊஞ்சல் சங்கிலிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள முக்கோணம், நாற்காலியின் கால்களுக்கு இடையிலுள்ள சந்து ஆகியவற்றை மட்டும் வரைந்து கருப்பாக நிரப்பச் சொன்னால், ஊஞ்சலும் நாற்காலியும் தாமாகவே வெள்ளையில் வந்து நிற்கும். நாற்காலி எப்படியிருக்க வேண்டும் என்று மனத்தில் பதிந்துள்ள உருவத்தைத்தான் பிள்ளைகள் வழக்கமாக வரைகிறார்கள். சந்துக்கு அப்படியொரு முன்பதிவு இல்லாததால் அதைப் பார்த்துத்தான் வரைந்தாக வேண்டும்.

வாய் அகன்ற பாத்திரங்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். மங்குப் பாத்திரம், செம்பு, பித்தளை அடுக்கு எதுவானாலும், வாய்வட்டம் கண்மட்டத்தில் இருந்தால் ஒரு கோடாகத் தெரியும். கீழே இறக்க இறக்க விரிந்துகொண்டே போகும். ஒரே கிண்ணத்தை ஒரு மாணவர் கையில் பிடித்துக் கண் உயரத்திலிருந்து தரைவரை மெதுவாக இறக்க, மற்றவர்கள் நான்கு இடங்களில் அதை வரையட்டும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் மாங்கொட்டையின் முனைபோலக் கூராக்குவதும், பாத்திரத்தின் அடியை நேர்கோடாக முடிப்பதும் இந்த வயதினர் தவறாமல் செய்யும் பிழைகள். அடிவட்டம் கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் வாய்வட்டத்தைவிட அதிகமாக வளைய வேண்டும் என்பதைத் தரையில் வைத்த பாத்திரத்தைக் காட்டியே புரியவைக்கலாம். சந்தேகம் வந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒருபக்கம் சாய்ந்த குடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை

செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளும் கட்டுகளின் நிலைவாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பெர்ஸ்பெக்டிவ் என்கிற தொலைவுக் காட்சி முறையைக் கற்பிக்க இதைவிடத் தோதான இடம் அமையாது.

முதலில், பார்ப்பவரின் கண் உயரத்தில் குறுக்கே ஓடுவதாகக் கொள்ளும் கண்மட்டக் கோட்டை உணரவைக்க வேண்டும். மாணவர்களைத் தலைவாசலில் நிற்கவைத்து, அவர்கள் உயரமே உள்ள ஒருவரைப் பின்கட்டை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். தரை ஒரே மட்டமாக இருக்கும்வரை, போகிறவரின் உருவம் சிறுத்துக்கொண்டே போனாலும் அவருடைய கண் மட்டும் பார்ப்பவரின் கண்மட்டக் கோட்டை விட்டு இறங்காது. பாதங்கள்தாம் படத்தில் மேலே ஏறிக்கொண்டே போகும். அடுத்து எல்லாரும் தரையில் உட்கார்ந்து அதே காட்சியைப் பார்க்கட்டும். கோடு கீழே இறங்கியிருக்கும், நடப்பவரின் தலை அதற்கு மேலே போயிருக்கும். இதை உடம்பால் அறிந்த பிள்ளைக்கு வரைபடம் போட்டு விளக்குவது எளிது.

இனித் தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்க்கப்படுவது, சூளையில் சுடப்படுவதில்லை. ஒரே அச்சில் வார்த்த கற்கள் ஒரே அளவுள்ள சதுரங்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது, பூ வேலைப்பாடு இப்போதைக்கு வேண்டாம். தாளின் குறுக்கே கண்மட்டக் கோட்டை இழுத்து, நடுவாசலுக்கு நேராக உள்நோக்கி ஓடும் கோடுகள் எல்லாம் சேரும் மறைபுள்ளியை அதில் குறிக்க வேண்டும். தாளின் அடிவிளிம்பில் கற்களின் அகலத்தைச் சம அளவாகக் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுத்தால், கற்களின் நீளவாட்டுக் கோடுகள் கிடைத்துவிடும். குறுக்குக் கோடுகளை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறி, குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். அதற்கு, தாளின் இடது கீழ்மூலையிலிருந்து, கண்மட்டக் கோட்டில் வலப்பக்கம் வெகுதூரத்தில் உள்ள ஒரு புள்ளிக்கு (சாய்புள்ளி) ஒரே ஒரு சாய்கோடு இழுத்தால் போதும். தாள் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளலாம். அந்தச் சாய்கோடு நீளவாட்டுக் கோடுகளை வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறுக்குக் கோடு. சாய்புள்ளியை மறைபுள்ளிக்கு மிக அருகில் வைத்தால் முன்வரிசைக் கற்கள் இயல்புக்கு மீறி நீண்டு தெரியும். இதையும் ஒருமுறை செய்து பார்க்கவிடுவது நல்லது.

இத்தாலியரான அல்பெர்த்தி 1435-இல் ஓவியம் பற்றி எழுதியபோது தொலைவுக் காட்சி முறையை விளக்கியதும் கட்டம் போட்ட தரையை வைத்துத்தான். பல கட்டங்களின் மூலைகளை ஒரே நேர்கோடு தொட்டுச் சென்றால் தரை சரியாக வரையப்பட்டிருக்கிறது என்பது அவர் தந்த சோதனை. அதையே மாணவர்கள் தங்கள் தாளில் செய்துபார்க்கலாம். இந்தக் கட்டத்தில் ஸ்கேலுக்கு அனுமதி உண்டு.

வளவின் முற்றம் தாழ்ந்திருப்பதால் அதன் ஓரங்கள் வேறு எங்கோ போகின்றன என்று சிலர் வாதிடுவார்கள். தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், வாசல்கள் அமைந்த நேர்கோட்டுக்கு இணையாக உள்ளே ஓடும் விளிம்புகள் அனைத்தும் அதே மறைபுள்ளிக்குத்தான் போகும். உள்நிலைகள் வெளிநிலையைவிட உயரம் குறைந்தவையாக இருந்தால் மட்டும் பென்சிலால் அளந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

வெளிச்சமும் நிழலும்

முற்றத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் சுற்றுக்கட்டில் படிப்படியாக மங்குவதால், நிழல் பயிற்சிக்கு வளவு பொருத்தமான இடம். முதலில் தாளின் வெள்ளையிலிருந்து 6பி பென்சிலின் கருமை வரை ஐந்து கட்டங்களை நிரப்பவைக்க வேண்டும். அடுத்து ஒரு முட்டை. வெளிச்சம் விழும் பகுதி, இடைநிறம், தன்னிழல், தரையிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒளி, தரையில் விழும் நிழல் ஆகிய ஐந்தும் அதில் தெரியும். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரையும் பித்தளையையும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். அவற்றின் மினுக்கு பிள்ளைகளைக் குழப்பும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து பெரிய இருளும் ஒளியும் மட்டும் எஞ்சும் என்பதைச் சலிக்காமல் நினைவூட்ட வேண்டியிருக்கும். வெயில் நகரும் என்பதால், வந்ததும் நிழலின் எல்லையைக் குறித்துவிட்டு, பிறகு அது நகர்ந்தாலும் படத்தில் மாற்றாமல் இருப்பது நல்லது.

துணிக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையை நாற்காலியின்மேல் போட்டுப் பாருங்கள். வெற்றுத் துணியில் மடிப்பைக் கண்டுபிடிக்கத் திணறுகிற பிள்ளை, கட்டங்கள் எந்த இடத்தில் வளைகின்றன, எந்த இடத்தில் நெருங்குகின்றன, எந்த இடத்தில் மடிப்புக்குள் புகுந்து காணாமல் போகின்றன என்பதைப் பின்தொடர்ந்தே துணியின் வடிவத்தைப் பிடித்துவிடும்.

எதை விடுவது

காட்சியமைப்பைப் பிற்பாடு கற்பிக்கும் தனிப்பாடமாக ஒதுக்காமல், மூன்றாம் வாரத்திலிருந்தே ஒவ்வொரு படத்துக்கு முன்னும் பத்து நிமிடம் அதற்குக் கொடுக்க வேண்டும். அட்டையில் தாளின் அதே விகிதத்தில் ஒரு சாளரம் வெட்டி, அதன் வழியாகக் காட்சியைப் பார்க்கச் செய்யுங்கள். கண்ணுக்கு அருகில் பிடித்தால் வீடு முழுவதும் அடங்கும், தள்ளிப் பிடித்தால் ஒரு தூணும் அரைவாசலும் மட்டும் தெரியும். தீப்பெட்டி அளவில் நான்கு சிறுபடங்கள், கருப்பு, சாம்பல், வெள்ளை என மூன்றே நிறங்களில் போட்ட பிறகுதான் பெரிய தாளை எடுக்க வேண்டும். விவரம் வரைய இடமில்லாத அளவு சிறிதாக இருப்பதே அந்தச் சிறுபடத்தின் பயன்.

சட்டத்தை அகலத்திலும் உயரத்திலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முக்கியப் பொருளை வைக்கும் விதி தொடக்கத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் தலைவாசலிலிருந்து நேராகப் பின்கட்டைப் பார்க்கும் காட்சியில் நடுவில் வைப்பதே பொருத்தம் என்பதால், இந்த விதியை வேதவாக்காக்கிவிடக் கூடாது. முக்கியமான கேள்வி வேறு: இந்தப் படத்தில் கண் முதலில் போகவேண்டிய இடம் எது? அதற்கு மாணவர் விரல் வைத்துக் காட்டட்டும். அந்த இடத்தில் மட்டும் மிகக் கருமையும் மிக வெண்மையும் அடுத்தடுத்து வரலாம், அங்கே மட்டும் செதுக்குவேலையின் இலையையும் கொடியையும் வரையலாம்; மற்ற இடங்களில் ஒன்றிரண்டு கோடுகள் சாடை காட்டினால் போதும். கஜலட்சுமியை விடமுடியாது என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, கஜலட்சுமியே படத்தின் மையமாகும்படி மற்றொரு தாளைக் கொடுத்துவிடலாம்.

ஆனந்த விகடனில் வெளிவந்த சில்பியின் கோவில் ஓவியங்களையும், ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களையும் ஒரே நாளில் அருகருகே காட்டினால், நுணுக்கமாக நிரப்புவதும் சில கோடுகளில் நிறுத்திக்கொள்வதும் இரண்டுமே தெரிந்தெடுத்த முடிவுகள் என்பதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

வகுப்பை நடத்தும் விதம்

மாணவரின் தாளில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது. விளக்க வேண்டியதைத் தனித்தாளில் போட்டுக் காட்டி, அதை எடுத்துச் சென்றுவிட வேண்டும். செல்பேசிப் படத்தைப் பார்த்து வரைவது நல்ல பழக்கம் இல்லை என்றாலும் செல்பேசியைத் தடைசெய்வதில் பயனில்லை. வரைந்து முடித்த பின் காட்சியையும் படத்தையும் கருப்புவெள்ளையில் எடுத்து ஒப்பிட்டால் நிழல் பிழைகள் தெளிவாகத் தெரியும். அனிமே பாத்திரங்களை மட்டுமே வரைவேன் என்பவரிடம், அதே உருவத்தைப் பெட்டிகளாகவும் உருளைகளாகவும் பிரித்து, தரைக்கட்டங்களின்மேல் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

பல வீடுகள் திருமணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) முதலிய விசேஷங்களுக்கு மட்டுமே திறக்கப்படுவதால், உரிமையாளரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ முன்கூட்டியே அனுமதி பெற்று, காலை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும். வகுப்பின் இறுதியில் படங்களைத் திண்ணையில் வரிசையாகச் சாய்த்துவைத்து, யாருடையது சிறந்தது என்று கேட்காமல், எந்தப் படத்தில் கண் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கலாம்.

மேற்கொண்டு படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளில் சேர முயல்பவர் பத்தாம் வகுப்பிலிருந்தே படங்களைத் தேதியிட்டுச் சேர்த்துவைப்பது நல்லது. முடித்த படங்களோடு தீப்பெட்டிச் சிறுபடங்களையும், அளவுக்கோடுகள் அழிக்கப்படாத தரைக்கட்டத் தாள்களையும் அதே உறையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.