பொலேரோவில் பழைய ஸ்கார்பியோவைக் கட்டி இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, தூரத்தைக் கணக்குப் போடாதது. சாலை விதிப்படி, கட்டி இழுக்கும்போது வேகம் மணிக்கு 25 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு, சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ.; நிற்காமல் போனாலே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகத்தான் விதி இடம் தருகிறது, ஊர்விட்டு ஊர் போக அல்ல. தூரம் 30 கி.மீ.-ஐத் தாண்டினால் பழுதான வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டி பிடிப்பதுதான் நல்லது. அந்த வாடகை அதிகம் என்று நினைப்பவர்கள் ஒரு கியர் பாக்ஸ் பிரித்துக் கட்ட என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.

கியர் பாக்ஸ் எங்கே வந்தது? நியூட்ரலில் போட்டுவிட்டோமே, அப்புறம் என்ன என்பதுதான் பலரும் சொல்வது. ஸ்கார்பியோ பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. இழுக்கும்போது பின்சக்கரம் சுற்றும், பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதியான கிரவுன் சுற்றும், அதை கியர் பாக்ஸோடு இணைக்கும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் சுற்றும். ஆனால் அடியில் ஆயிலில் மூழ்கி, அதை மேலே வாரி அடிக்கும் லே ஷாஃப்ட்டை சுற்ற வைப்பது எஞ்சின். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மேலே சுற்றுகிற ஷாஃப்ட்டுக்கும் அதன்மேல் நிற்கிற பல்சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள நீடில் பேரிங்குக்கு ஆயில் போகாது. பத்து கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. நூறு கிலோமீட்டரில் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும்.

அதனால் தூரம் கூடினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கிரவுனோடு அதைச் சேர்த்து முடுக்கும் தட்டான ஃபிளேஞ்சில் பொதுவாக நான்கு போல்ட். கழற்றும் முன் இரண்டு ஃபிளேஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். மாட்டும்போது கோடு நேராக வராவிட்டால் வண்டி அதிரும். முன்முனை கியர் பாக்ஸுக்குள் செருகியிருக்கிற வகையென்றால், உருவியதும் ஆயில் கொட்டும். அந்த வாயை அடைக்க வேண்டும். பின்முனையை மட்டும் கழற்றி கம்பியால் தொங்கவிடாதீர்கள், முழுதாக எடுத்து வண்டிக்குள் போடுங்கள். ஷாஃப்ட் போனபின் கியரில் போட்டு நிறுத்தவும் முடியாது. ஹேண்ட் பிரேக் கியர் பாக்ஸின் பின்னால் இருக்கும் பழைய ஜீப்புகளில் அதுவும் போச்சு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கையோடு இருக்கட்டும்.

ஜிப்ஸி போன்ற நெம்புகோல் வைத்த 4×4 வண்டியென்றால் முன்சக்கர ஹப்பின் பூட்டைத் திருப்பி ஃப்ரீ செய்ய மறக்காதீர்கள். நான்கு சக்கரமும் இணைந்திருக்கும் 4H நிலையில் விட்டு இழுத்தால், டயரும் முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸும் சண்டை போடும்.

அடுத்தது பிரேக். இந்த டீசல் வண்டிகளில் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது எஞ்சினால் ஓடும் பம்ப். எஞ்சின் அணைந்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டரில் மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல் மாதிரி. பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் ஐடிலில் விட்டே இழுங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன் காலி மைதானத்தில் நாலு தடவை மிதித்துப் பழகுங்கள். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். உருவிவிட்டால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பின்வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு லைசென்ஸ் கட்டாயம். அனுபவமும் முன்னால் ஓட்டுபவரைவிடக் கூடுதலாக வேண்டும். முன்வண்டி வேகம் குறைக்கிறது என்று தெரிந்ததும் முதலில் மிதிக்க வேண்டியவர் அவர்தான். கயிறு தொய்ந்து, மறுபடி வெட்டி இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் கயிறு அறுகிறது, கொக்கி பிய்கிறது. மலைப்பாதை இறக்கத்தில் கயிறு எப்போதும் தொய்வுதான்; அங்கே கட்டி இழுக்கவே கூடாது.

இரண்டு வண்டிக்கும் இடைவெளி ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்காக இரண்டு மீட்டராகவும் சுருக்காதீர்கள், பின்னால் இருப்பவருக்கு மிதிக்க நேரம் இருக்காது. சேற்றிலிருந்து மீட்கும் ரப்பர் போல நீளும் கயிறு ரோட்டுக்கு ஆகாது. முடிச்சு போட்டால் கயிற்றின் பலத்தில் பாதி வரை போய்விடும், U வடிவ இரும்பு மாட்டியான ஷேக்கிள் போடுங்கள். மாட்டும் இடம் சேஸிஸில் இருக்கும் கொக்கி. பம்பர், டை ராடு, ஆக்ஸில் எதிலும் கட்டாதீர்கள். கயிற்றின் நடுவே ஒரு நனைந்த சாக்கைப் போட்டுவிடுங்கள்: அறுந்தால் முனை கண்ணாடியை நோக்கிப் பாயாமல் கீழே விழும், சிவப்புத் துணியும் சேர்த்துக் கட்டினால் குறுக்கே நுழைபவர் கண்ணில் படும். பின்வண்டியின் பின்புறம் ‘ஆன் டோ’ என்று வெள்ளைப் பின்னணியில் 75 மி.மீ. உயரக் கறுப்பு எழுத்தில் எழுதி வைக்கச் சொல்கிறது விதி. இரவில் இழுக்க வேண்டாம்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியென்றால் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தி ஹப் பக்கம் கையைக் கொண்டு போனாலே சூடு தெரியும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போகிறது.

இழுக்கும் பொலேரோவும் பழசு என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹாஃப் கிளட்சில் நகர்த்தாதீர்கள். முதல் கியரில் ஊர்ந்து கயிறு விறைத்த பிறகு ஆக்ஸிலேட்டர். கூலன்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இழுபடும் ஸ்கார்பியோ பொலேரோவைவிடக் கனம் என்பதால், பொலேரோவுக்கு முன்னால் போகும் வண்டியிடம் வழக்கமாக விடும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு விடுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயம் ஒன்று. தனியார் கார் பேக்கேஜ் பாலிசியில், பழுதான ஒரு வண்டியை வாடகை வாங்காமல் இழுக்கலாம் என்றுதான் பொதுவாக இருக்கும். இழுபடும் வண்டிக்கு வரும் சேதத்துக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது.